புரியவில்லை என்று சொல்லலாம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். பதினோரு வருஷமாக மடிப்பு மேசையில் நிற்கிறாள். உருளை இஸ்திரியிலிருந்து சுடச்சுட வந்து விழும் விரிப்பை இரண்டு முனையில் பிடித்து ஓர் உதறு உதறினால், அது காற்றில் ஒருமுறை வயிறு உப்பி, மேசையில் படியும்போதே பாதியாகியிருக்கும். அப்புறம் நாலு மடிப்பு, ஒரு தட்டு. அவ்வளவுதான். மூலையோடு மூலை பசை போட்டது போல் சேர்ந்திருக்கும். மடிப்பக்கா கட்டிய அடுக்கு என்றால் எண்ணிப் பார்க்கவே வேண்டாம் என்பார்கள் வார்டு நர்சுகள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அந்த வாரம் முழுக்க மழை. மழை பிடித்துக்கொண்டால் சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் உயிர் போய் உயிர் வரும். உலர்த்தும் இயந்திரம் இரண்டில் ஒன்று எப்போதும் போல மக்கர் செய்தது. கூடத்தின் குறுக்கே கொடி கட்டி ஈரத் துணியைப் போட்டிருந்தார்கள். எங்கே திரும்பினாலும் முகத்தில் ஒரு தலையணை உறை ஒட்டியது. ப்ளீச்சிங் பவுடர் வாடையும் ஈர வாடையும் சேர்ந்து தொண்டையைக் கரகரக்க வைத்தன. மேற்பார்வையாளர் இயந்திரச் சத்தத்தை மீறிக் கத்த முடியாமல் விசில் ஊதியே வேலை வாங்குகிறவர். விசில்காரர் என்றால்தான் அவரைத் தெரியும்.

காலை பத்து மணி வாக்கில் டயட் டீச்சர் குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். நோயாளிகளுக்கு என்ன சாப்பிடலாம், எது ஆகாது என்று சொல்லித்தரும் படிப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு அவள்தான் ஆசிரியை.

"எனக்கு ஒரு ஆள் வேணும். பெண் ஆளா இருந்தா நல்லது. ரெண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்தா போதும்" என்றாள்.

"சும்மா உட்கார்றதுக்கு இங்க ஆளே இல்லையேம்மா. எல்லாரும் நின்னே பழகிட்டாங்க" என்றார் விசில்காரர்.

"பசங்களுக்கு இன்னைக்குப் பரீட்சை. நோயாளி வீட்டுக்காரங்ககிட்ட சாப்பாட்டு விஷயத்தை எப்படி எடுத்துச் சொல்றாங்கன்னு பார்த்து மார்க் போடணும். நோயாளி வீட்டம்மாவா நடிக்க வர்றேன்னு சொன்னவங்களுக்குக் காய்ச்சலாம். கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறேன்."

விசில்காரர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "மடிப்பக்கா, நீ போ. நேத்தெல்லாம் முழங்கால் வலின்னு முனகிக்கிட்டு இருந்தே. போய் உட்கார்ந்துட்டு வா."

மடிப்பக்கா கையை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டு டீச்சரின் பின்னால் போனாள்.

இரண்டாம் மாடியில் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, எதிரெதிராக இரண்டு நாற்காலி, சுவரில் கடிகாரம். மேசைமேல் ஒரு தட்டு நிறைய பிளாஸ்டிக் சோறு, பிளாஸ்டிக் மீன், பிளாஸ்டிக் பழங்கள். நிஜம் போலவே இருந்தன. ஒரு ஓரத்தில் டீச்சருக்குத் தனி நாற்காலி. மடியில் தாள்கள், கையில் ஒரு மணி. ஒவ்வொருவருக்கும் எட்டு நிமிடம். மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும்.

டீச்சர் ஒரு அட்டையை நீட்டினாள். "இதான் நீங்க. ஒருதரம் படிச்சுக்குங்க."

மடிப்பக்கா படித்தாள். "உங்கள் கணவருக்கு வயது ஐம்பது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தின் மூலம் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். வீட்டில் சமையல் உங்கள் பொறுப்பு."

அவள் அட்டையை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"கஷ்டமா இருந்தா வேற அட்டை தரட்டுமா?" என்று கேட்டாள் டீச்சர்.

"வேண்டாம்மா. தெரிஞ்சதுதான்."

படிக்கச் சுலபமாக இருந்தது என்று டீச்சர் எடுத்துக்கொண்டாள். "நீங்க பெரிசா ஒண்ணும் செய்ய வேண்டாம். அவங்க கேட்டா பதில் சொல்லுங்க. புரியலைன்னா, புரியலைன்னு சொல்லலாம்."

"சொல்லலாமா?"

"தாராளமா. அதுக்குத்தானே பரீட்சை. கடைசியில நீங்களும் ஒரு மார்க் போடணும். புரிஞ்சுதா இல்லையான்னு."

மடிப்பக்கா தலையாட்டினாள். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குள் எங்கேயோ போய் முள்ளாகத் தைத்தது.

அவளுடைய கணவர் வெல்டர். இரும்புக் கேட்டும் கிராதியும் செய்கிற பட்டறையில் வேலை. எட்டு மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, ரத்தம் சுத்தம் செய்துகொள்ள ஆட்டோவில் வருகிற வழியிலேயே அவள் தோளில் சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். இந்த நோயில் அப்படி ஆவதுண்டு என்றார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அதற்கு முன், நோய் தெரியவந்த புதிதில், வார்டுக்கு இப்படித்தான் பிள்ளைகள் வந்தார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பையன் கட்டிலின் கால்மாட்டில் நின்று பேசினான். ஜன்னல் பக்கமாக முகமூடி போட்ட ஒரு அம்மா தாளும் பேனாவுமாக நின்றிருந்தார். பையன் பேச்செல்லாம் ஜன்னலைப் பார்த்தே இருந்தது. உப்பைக் குறைக்க வேண்டும் என்றான், அது புரிந்தது. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும் என்றான், அதுவும் புரிந்தது. அப்புறம் நாலைந்து பெயர்கள் சொன்னான். மருந்துக் கடையில் கேட்கிற பெயர்கள் போல இருந்தன. மருந்து விஷயம், அதை மருந்து கொடுக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள். "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டான். தலையாட்டினாள். ஒரு தாளை நீட்டினான். கையெழுத்துப் போட்டாள். படித்த பிள்ளை மூச்சு விடாமல் இத்தனை சொல்லியிருக்கிறான், புரியவில்லை என்றால் அவனுக்கு என்னவோ போலாகும் என்றுதான் அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் ஒரே வரியில் சொன்னாள். "உப்பு ஆகாதாம் அண்ணி."

அண்ணி என்றால் கணவருடைய அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா அப்பா போன பிறகு பதினாறு வயதில் தையல் மிஷினில் உட்கார்ந்து தம்பியை ஆளாக்கியவள். தம்பிக்குக் கல்யாணம் ஆன பிறகும் அந்த வீட்டிலேயே, அந்த மிஷினிலேயே இருந்தாள். மடிப்பக்காவுக்குக் குழந்தை இல்லை. ஆக வீட்டில் மூன்று பேர். பிறகு இரண்டு பேர்.

மணி அடித்தது. முதல் மாணவன் உள்ளே வந்தான்.

கண்ணாடி போட்ட பையன். உட்காரும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டான். பொட்டாசியம், பாஸ்பரஸ், சோடியம் என்று மூன்றையும் மூன்று விரலில் எண்ணிக் காட்டினான். ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் என்றும் சொன்னான். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் கண் ஓரமாக டீச்சரிடம் போய்த் திரும்பியது. ஐந்தரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. "ஏதாவது சந்தேகம் இருக்காம்மா?" என்றான்.

புரியலைன்னு சொல்லலாம் என்று டீச்சர் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. வாய் வரவில்லை. "இல்லப்பா" என்றாள். தாளில் பத்துக்கு எட்டு போட்டாள்.

இரண்டாவதாக வந்த பெண் சிரித்த முகம். அம்மா அம்மா என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். வண்ணப்படம் போட்ட தாள் ஒன்றை விரித்து, பச்சைக் கட்டம், சிவப்புக் கட்டம் என்று விரல் வைத்துக் காட்டினாள். "பழமெல்லாம் அளவோட எடுத்துக்கணும்மா, சரியா?" என்றாள். சரி என்றாள் மடிப்பக்கா. அளவு என்றால் எவ்வளவு என்று அந்தப் பெண்ணும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அந்தச் சிரிப்புக்காகவே ஒன்பது போட்டாள்.

மூன்றாவது பெண் உள்ளே வரும்போதே கதவில் இடித்துக்கொண்டாள். கோட்டு அவளுக்கு இரண்டு அளவு பெரியது. கையை முழங்கை வரை சுருட்டி விட்டிருந்தாள். யாரிடமோ கடன் வாங்கிய கோட்டு என்று மடிப்பக்காவுக்குப் பார்த்ததும் தெரிந்தது. குரல் வேறு கட்டியிருந்தது. உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் பேசவே இல்லை. டீச்சர் பேனாவால் தாளைத் தட்டினாள்.

"அக்கா" என்றாள் அந்தப் பெண். "நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லுங்க. வீட்டில அவருக்கு என்ன கொடுக்கறீங்க? நேத்து என்ன சாப்பிட்டாரு?"

அட்டையில் அதற்குப் பதில் இல்லை. மடிப்பக்கா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் எழுதிக்கொண்டிருந்தாள்.

"காலைல ரொட்டி" என்றாள். "மத்தியானம் சோறு, வேகவச்ச காய். உப்பு சுத்தமா கிடையாது. அதுல நான் ரொம்பக் கண்டிப்பு."

"நல்லது. அதைச் செய்யறதே பெரிய பாடு. நடுவில ஏதாவது?"

"நாலு மணிக்கு ஆரஞ்சுச் சாறு. தெம்புக்கு."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினாள். "எத்தனை பழம் போடுவீங்க?"

"நாலு. கால் கனக்குது, எழுந்திருக்க முடியலைன்னு சொன்னா ஆறு."

"தினமுமா?"

"தினமும்."

பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் தட்டிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "அக்கா, இது நல்ல பழம். எனக்கு நல்லது, உங்களுக்கு நல்லது. ஆனா இதுல ஒரு உப்பு இருக்கு. நாக்குக்குத் தெரியாது, இனிப்பாத்தான் இருக்கும். நமக்கெல்லாம் அது மிச்சமானா சிறுநீர்ல போயிடும். அவருக்குப் போக வழியில்ல. ரத்தத்திலேயே சேர்ந்துக்கிட்டே இருக்கும். மிஷின்ல சுத்தம் பண்ற நாள்லதான் வெளிய போகும். ரெண்டு நாள் சேர்ந்தாப்பல லீவு வருதில்ல, சனி ஞாயிறு, அந்த ரெண்டு நாள்தான் ரொம்ப ஆபத்து. அது கூடிப்போச்சுன்னா முதல்ல கால்தான் தளரும். கல்லு மாதிரி கனக்கும். அப்போ தெம்புக்குன்னு இன்னும் ரெண்டு பழம் பிழிஞ்சு கொடுத்தா..."

அவள் நிறுத்தினாள். எப்படிச் சொல்வது என்று தேடுவது தெரிந்தது.

"கொடுத்தா?" என்றாள் மடிப்பக்கா.

"இதயம் நின்னுடும் அக்கா. முன்கூட்டியே ஒரு வலியும் இருக்காது. அதனால இந்தச் சாறு ஒரு டம்ளர்கூட வேண்டாம். இன்னையோட நிறுத்திடுங்க. இதுவரைக்கும் கொடுத்ததுக்கு உங்க மேல தப்பில்ல. யாரும் சொல்லாம உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கடிகாரத்தில் எட்டு நிமிடம் தாண்டியிருந்தது. டீச்சர் மணியை அடித்தாள். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு டீச்சர்" என்றாள். பிறகு மடிப்பக்காவிடம் குனிந்தாள். "வீட்டில வேற யாராவது இருக்காங்களா? அவங்ககிட்ட இதை எப்படிச் சொல்வீங்க? எனக்கு ஒருதரம் சொல்லிக் காட்டுங்க. நான் ஒழுங்கா சொன்னேனான்னு அப்போதான் எனக்குத் தெரியும்."

மடிப்பக்கா வாயைத் திறந்தாள். "அண்ணி" என்றாள். "சாறு கொடுக்காதீங்க அண்ணி. கொடுத்தா அவருக்கு..."

கண்ணீர் வந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. மேசைமேல் சொட்டு விழுந்த பிறகுதான் தெரிந்தது. எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மூன்றாவது தாளில் மார்க் போடாமலே கதவைத் திறந்துகொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்று பிற்பகல் முழுக்க மடிப்பு மேசையில் நின்றாள். விரிப்பு விரிப்பாக வந்து விழுந்தது. உதறினாள், மடித்தாள். மூலைகள் சேரவில்லை. பக்கத்தில் நின்றவள் அவற்றைப் பிரித்துத் திரும்ப மடித்து வைத்தாள். விசில்காரர் இரண்டு முறை அந்தப் பக்கம் வந்தார். ஊதாமலே போய்விட்டார்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். இரண்டு அறை வீடு. முன்னறையில் ஜன்னலோரமாகத் தையல் மிஷின். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற காலம் அது. மிஷினைச் சுற்றி நீலத் துணி மலை போலக் குவிந்திருந்தது. பக்கத்து வீட்டம்மா மகளின் பாவாடையை வாங்கிப் போக வந்து, மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

மடிப்பக்கா தலையைத் துவட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அடுப்பைப் பற்ற வைத்து உலை வைத்தாள். முன்னறைப் பேச்சு அட்சரம் பிசகாமல் உள்ளே கேட்டது. கேட்கட்டும் என்றுதான் அண்ணி பேசுவாள்.

"எப்பேர்ப்பட்ட உடம்பு அவனுக்கு. ஒத்தை ஆளா கேட்டைத் தூக்கி நிறுத்துவான்" என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தாள். மிஷின் ஓடி ஓடி நின்றது. "கடைசியில ஒரு வாய் ருசியாச் சாப்பிடலை. உப்பில்லாத சோத்தை முன்னாடி வச்சா யாருக்குத்தான் இறங்கும்? பார்த்துப் பார்த்து வாட்டியே எடுத்துட்டா. கேட்டா, ஆஸ்பத்திரியில சொன்னாங்கன்னுவா. ஆஸ்பத்திரிக்காரனுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவான்."

"அவளும் நல்லதுக்குத்தானே செஞ்சிருப்பா" என்றாள் பக்கத்து வீட்டம்மா, பட்டும் படாமல்.

"நல்லதுக்குத்தான். நான் இல்லைன்னா சொல்றேன்? ஆனா நான் கொடுத்ததுதான் அவனுக்கு உடம்புல ஒட்டுச்சு. இவ வேலையில இருக்கறப்போ நாலு மணிக்கு நான் சாறு பிழிஞ்சு கொடுப்பேன். அந்த ஞாயித்துக்கிழமை, 'அக்கா, கால் கல்லு மாதிரி இருக்கு'ன்னான். இருந்த எட்டுப் பழத்தையும் பிழிஞ்சேன். ஒரு மடக்குல குடிச்சுட்டு டம்ளரைக் கவுத்துக் காட்டினான். 'ஒரு சொட்டு விடலை பாரு'ன்னு சிரிச்சான். சின்னப் பிள்ளையில மருந்து குடிச்சுட்டு அப்படித்தான் காட்டுவான். அதுக்கப்புறம் அவன் சிரிச்சு நான் பார்க்கலை." மிஷின் ஓடவில்லை. "என் கையால வயிறு நிறையக் குடிச்சுட்டுப் போனான். அந்த ஒண்ணை நெனச்சுத்தான் நான் சோறு திங்கறேன்."

உலை கொதித்துப் பொங்கி அடுப்பை அணைத்தது. மடிப்பக்கா திரும்பப் பற்ற வைக்கவில்லை.

எட்டு மாதமாக இதைக் கேட்கிறாள். உப்பு, உப்பு, உப்பு. மூன்றாம் மனிதர் முன்னால், வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் முன்னால். பதில் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டதும் உண்டு. பதிலுக்குப் பதில் பேசி இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்ததும் உண்டு. இப்போது அவள் கையில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. முன்னறைக்குப் போய், பக்கத்து வீட்டம்மா இருக்கும்போதே, அதைச் சொன்னால் போதும். எட்டு மாதக் கணக்கும் ஒரு நொடியில் தலைகீழாகிவிடும். சொல்லவேண்டும் போல இருந்தது. தாகம் போல அத்தனை ஆசையாக இருந்தது.

கதவு நிலையில் வந்து நின்றாள். "அண்ணி" என்றாள்.

அண்ணி தலை நிமிர்ந்தாள். ஊசியில் நூல் கோர்க்கத் தடுமாறிக்கொண்டிருந்தாள். நூல் முனையை நாக்கில் நனைத்து, ஒரு கண்ணை மூடி, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தாள். நாற்பது வருஷம் தைத்த விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன. அந்த விரல்களால்தான் எட்டுப் பழத்தையும் உரித்திருப்பாள். கொட்டை ஒன்றுகூட விழாமல் வடிகட்டியிருப்பாள். யார் சொல்லி அவளுக்குத் தெரியும்? சொல்ல வேண்டியவள் யார்? வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டியது அண்ணி இல்லையே.

"என்ன? கூப்பிட்டுட்டு நிக்கறே?"

"குடுங்க. நான் கோர்த்துத் தரேன்" என்றாள் மடிப்பக்கா.

மறுநாளும் மழை. சலவைக்கூடத்து வாசலில், கொதிகலன் கொட்டகையை ஒட்டி, அந்த மூன்றாவது பெண் நின்றிருந்தாள். கோட்டு இல்லை. சாதாரண உடையில் இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எதுக்கும்மா?"

"நேத்து உங்களை அழ வச்சுட்டேன். நோயாளி தரப்பைப் பயமுறுத்திட்டேன்னு டீச்சர் எழுதிட்டாங்க. நேரமும் தாண்டிட்டேன். சொல்ல வேண்டியதுல பாதியைச் சொல்லவே இல்ல. உங்க தாள்லயும் மார்க் இல்ல. தவறிட்டேன். இனி அடுத்த வருஷம்தான்." அழாமல்தான் சொன்னாள், குரல் கட்டியிருந்ததால் அழுவது போலவே இருந்தது. "அதுக்காக வரலை அக்கா. நான் எந்த இடத்துல தப்பாப் பேசினேன்னு நீங்க சொன்னீங்கன்னா திருத்திக்குவேன்."

மடிப்பக்காவுக்குக் காதில் விழுந்தது நெஞ்சில் இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "நீ ஒண்ணும் தப்பாப் பேசலைம்மா" என்றாள். "சாப்பிட்டியா?"

"இல்லக்கா."

"கேன்டீன்ல போய் ஏதாவது சாப்பிடு. வீட்டுக்குப் போயிடாதே. நான் வரேன்."

விசில்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இரண்டாம் மாடிக்கு ஏறினாள். டயட் டீச்சர் தன் அறையில் தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். மடிப்பக்காவைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"வாங்க. நேத்து உடம்புக்கு முடியலையா? நானே கீழ வரணும்னு இருந்தேன். அந்தப் பொண்ணு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. முதல்தரமே சாவு கீவுன்னு பேசினா கேக்கறவங்க மனசு என்னாகும்?"

"அவளுக்கு மார்க் போட வந்திருக்கேம்மா. நேத்துப் போடாம போயிட்டேன்."

"தாள் அனுப்பற நேரம் ஆயிடுச்சே."

"அந்தப் பையனுக்கு எட்டு போட்டேன். அவன் சொன்னதுல ஒரு எழுத்து எனக்குப் புரியலை. சிரிச்ச பொண்ணுக்கு ஒன்பது போட்டேன். அவ சொன்னதும் புரியலை. புரியலைன்னு சொல்லலாம்னு நீங்க சொன்னீங்க. ஆனா வாய் வரலை. அந்த மூணாவது பொண்ணு சொன்னதுதான் புரிஞ்சுது. நல்லாப் புரிஞ்சதாலதான் என்னால உட்கார முடியலை."

டீச்சர் அவளை உட்காரச் சொன்னாள். மடிப்பக்கா நின்றபடியே சொன்னாள். வெல்டரைப் பற்றி, வார்டைப் பற்றி, நாலு பழம், ஆறு பழம், ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பழம், திங்கட்கிழமை ஆட்டோ. ஏற்ற இறக்கம் இல்லாமல், துணி எண்ணுவது போலச் சொன்னாள். நடுவில் டீச்சர் கையிலிருந்த தாள்கட்டை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"வார்டுக்குப் பசங்க வந்தது எந்த மாசம்?" என்று கேட்டாள்.

"போன வருஷம், பள்ளிக்கூடம் திறந்த மாசம். ஏழாம் நம்பர் கட்டில்."

டீச்சர் அலமாரியைத் திறந்தாள். ஒரு கட்டை எடுத்து, ஒவ்வொரு தாளாகத் தள்ளினாள். ஒரு தாளில் கை நின்றது. அதை மடிப்பக்கா பக்கமாகத் திருப்பி மேசைமேல் வைத்தாள்.

இருபது கட்டம். இருபதிலும் சரி என்ற குறி. மரியாதையாகப் பேசினாரா, ஆம். முகம் பார்த்துப் பேசினாரா, ஆம். கேட்டவருக்குப் புரிந்ததா, ஆம். கீழே மடிப்பக்காவின் கோணல் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. அதற்கும் கீழே இன்னொரு கையெழுத்து.

"ஜன்னல்கிட்ட நின்னது நான்தான்" என்றாள் டீச்சர்.

வெளியே மழை கொஞ்சம் வலுத்தது. மடிப்பக்காவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

"எங்க வீட்டுக்காரர் அந்தச் சாறாலதான் போனாரா? உண்மையைச் சொல்லுங்கம்மா."

"அது மட்டும்தான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்த வியாதியில இதயம் ஏற்கனவே கெட்டிருக்கும். ஆனா..." என்று நிறுத்தினாள் டீச்சர். "அதுக்குச் சம்பந்தமே இல்லைன்னும் என்னால சொல்ல முடியாது."

"சரிம்மா" என்றாள் மடிப்பக்கா. "நேராச் சொன்னீங்களே, அதுவே போதும்."

டீச்சர் நேற்றைய கட்டைப் பிரித்து மூன்றாவது பெண்ணின் தாளை எடுத்தாள். பேனாவையும் நீட்டினாள். மடிப்பக்கா பத்துக்குப் பத்து என்று எழுதினாள். சைபர் பெரிதாகிவிட்டது. டீச்சர் தான் எழுதியிருந்த வரியை அடித்து, பக்கத்தில் வேறு எழுதினாள். மேலே கேட்பார்கள், பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பசங்களுக்கு இதை நான் வகுப்புல சொல்லலாமா? உங்க பேரு, வார்டு எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா சொல்லணும். சொல்லாம விட்டா இந்த இருபது கட்டத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டு இருப்போம்."

"சொல்லுங்கம்மா."

"வீட்டில அவருக்குச் சாறு பிழிஞ்சு கொடுத்தது யாரு?"

மடிப்பக்கா கையிலிருந்த பேனாவை மூடினாள். "நான்தான்" என்றாள். "கட்டினவளே தெரியாம கொடுத்துட்டான்னு சொல்லுங்க."

அந்தப் பெண் தேறிவிட்டாள். இப்போது வேறு ஒரு ஆஸ்பத்திரியில் வேலையாக இருக்கிறாள் என்று கேள்வி. மடிப்பக்காவை ஒவ்வொரு பரீட்சைக்கும் டீச்சர் கூப்பிட்டனுப்புகிறாள். எட்டு நிமிடமும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகள் பேசி முடித்து "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டதும், "புரியலைப்பா, திரும்பச் சொல்லு" என்பாள். எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வாள். சில பிள்ளைகள் திணறிப்போய் அழுததும் உண்டு. அவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் கேட்பாள்.

அப்படி ஒரு நாள் வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது. அண்ணி மிஷினை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போயிட்டே இவ்வளவு நேரம்?"

"டயட் டீச்சர் கூப்பிட்டாங்க அண்ணி. பசங்களுக்குப் பரீட்சை. அவங்க சொல்றது சரியா இருக்கான்னு நான் உட்கார்ந்து கேக்கணும்."

"உன்னையா? உனக்கு என்ன தெரியும்னு உன்னைக் கூப்பிடறாங்க?"

"ஒண்ணும் தெரியாது அண்ணி" என்றாள் மடிப்பக்கா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "அதுக்குத்தான் கூப்பிடறாங்க."